ஆறாவது ஒலி

பொதட்டூர்பேட்டையில் எங்கள் தெருவே
கையால்தான் பேசும்.
நாலு தறி ஓடுகிற முன்னறையில்
வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது?
இரண்டு விரல் தூக்கினால் தார் வேண்டும்,
உள்ளங்கை கவிழ்ந்தால் நிறுத்து,
கட்டைவிரல் உதட்டைத் தொட்டால் டீ வந்துவிட்டது.
லிகிதா ஒன்றரை வயதுவரை
எங்கள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்ததை
கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தோம்.

சுவரோரம் சரவெடி வெடித்த ஒரு தீபாவளிக் காலை
தெருவே காதைப் பொத்திக்கொண்டது.
அவள் முறுக்கை உடைத்துக்கொண்டிருந்தாள்,
ஒவ்வொரு வளையமாக.

பிறகு காப்பீட்டு அட்டை, சென்னை,
ஒரு பக்கம் மட்டும் மழித்த தலை,
காதுக்கு மேலே காந்தத்தால் ஒட்டிய வட்டம்.
கருவியை முடுக்கிய அன்று அழுதாள்.
அழுகிற தன் சத்தம் கேட்டு
இன்னும் அழுதாள்.

வீட்டைப் பார்க்கவேண்டும் என்று
திருத்தணியிலிருந்து வந்தார் ரெபெக்கா மிஸ்.
வாசலில் நின்று ஏதோ சொன்னார்.
நான் காதைக் காட்டினேன்.
தறிகளை நிறுத்திய பிறகுதான் தெரிந்தது
அவர் சொன்னது: இதை நிறுத்த முடியுமா.

எதிரே உட்காராதீர்கள், கருவி இருக்கும் காதின் பக்கம் உட்காருங்கள்.
முதலில் ஒலி, அப்புறம்தான் பொருளைக் காட்டுவது.
கையால் பேசாதீர்கள்.
கையால் பேசாதீர்கள் என்று
ஒரு தறிக்காரனிடம்.

வீட்டில் என்ன மொழி என்று கேட்டார்.
நாகவேணி நகரிக்காரி, தெலுங்கு.
எனக்குத் தமிழ்.
சண்டைக்கு இரண்டும்.
ஒன்றில் தொடங்குவோம், யார் அதிகம் பேசுவீர்கள் என்றார்.
நான் சும்மா இருந்தேன்.
அதுவே பதிலாகிவிட்டது.

காலை ஆறிலிருந்து எட்டுவரை தறி இல்லை.
மாதத்துக்கு இத்தனை லுங்கி குறைகிறதே என்று
நூல் கொடுப்பவர் போன் செய்தார்.
மகள் கேட்கிறாள் என்றேன்.
என்ன கேட்கிறாள் என்றார்.

நாகவேணி பேசினாள்.
குழாயைத் திறந்தால் நீள்ளு, நீள்ளு வஸ்துந்நாயி.
வெங்காயம் உரித்தால் அதற்கு ஒரு கதை.
மூடி விழுந்தால், விழுந்ததற்கு,
எடுத்து வைத்தால், எடுத்ததற்கு.
பதினொரு மாதம்
ஒரு பேச்சும் திரும்பி வரவில்லை.
ஒருநாள் வட்டத்தைக் காணோம் என்று
அரிசி டிரம்வரை தேடினோம்.
தறியின் இரும்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.
அதற்கும் கேட்கட்டும் என்று விட்டாளோ என்னவோ.

மாதம் ஒருமுறை ஆறு ஒலிகள்.
வளையத்தில் கட்டிய துணியால்
வாயை மறைத்துக்கொள்வார் மிஸ்.
கேட்டால் ஒரு வெறுந்தாரை டின்னில் போடவேண்டும்.
ஆ.
தார் விழுந்தது.
ஊ. ஈ.
ம்.
கொஞ்சம் பொறுத்து, ஷ்.
ஐந்து தார்.
பிறகு அறையில் ஒன்றுமில்லை.
துணிக்குப் பின்னால் மிஸ் சும்மா இருந்தார்,
லிகிதா ஆறாவதைப் போட்டாள்.

சும்மா போட்டுவிட்டாள் மிஸ், என்றேன்.

மிஸ் துணியை இறக்கினார்.
இந்தமுறை என்னைப் பார்த்து,
வாய் தெரிய.
பல்லோடு பல் சேர்ந்தது, உதடு விரிந்தது.
அவ்வளவுதான் எனக்கு.
டின்னில் இன்னொரு தார்.

இருபத்திரண்டு வருஷம் மிஸ், என்றேன்,
யாரும் கேட்காமலே.
நாகவேணி கீழே கிடந்த நூலைப்
பொறுக்க ஆரம்பித்தாள்.

அன்று சாயங்காலம் கரண்ட் போனது.
தறிகள் ஒவ்வொன்றாக மூச்சை விட்டன.
பின்கட்டிலிருந்து வந்து
லிகிதா காந்த வட்டத்தைத் தொட்டுப் பார்த்தாள்,
கழன்றுவிட்டதா என்று.
இல்லை.
தறியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
ஆகிப்போயிந்தி, என்றாள்.

நின்றுபோய்விட்டதாம்.
அவளுக்கு நின்றிருந்தது.
என் காதுக்குள் நாலு தறியும்
ஓடிக்கொண்டுதான் இருந்தன,
ராத்திரியும் ஓடும், எட்டூரில் கரண்ட் இல்லாவிட்டாலும் ஓடும்.

அவள் கருவிப் பக்கமாகப் போய் உட்கார்ந்தேன்.
கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.
அவுனு, என்றேன்.
ஆகிப்போயிந்தி.