கழியும் நாட்கள்

பூந்தா அரேனாஸில் பழைய கப்பல் துறையைப் புதுப்பிக்கிறார்கள்.
கால அட்டவணை போடுவது நான்.
கன்டெய்னர் அறை, ஒரு ஹீட்டர்,
காற்று உதைக்கும்போதெல்லாம் நடுங்கும் திரை.

மென்பொருளுக்கு உலகம் எளிது:
வேலையை ஆளால் வகு, எட்டு மணிக்கு ஒரு நாள்.
இருநூற்று நாற்பது மணி நேரத் தூண் வேலை
மூவரென்றால் பத்து நாள்.
ஒருவரை அழித்தால்
நீலப்பட்டை தானே நீண்டு பதினைந்தில் நிற்கும்.
யாரை அழித்தாய் என்று கேட்காது.

காங்கிரீட்டிடம் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது.
இருபத்தெட்டு நாள் என்றால் இருபத்தெட்டுதான்.
பத்துப் பேரைச் சுற்றி நிறுத்தினாலும்
ஒரு மணி முந்தாது.
ஞாயிற்றுக்கிழமையும் இறுகும்,
நாங்கள் ஆட்டிறைச்சி சுட்டுக்கொண்டிருக்கும்போதும்.
அதற்கென்று தனி அலகு:
கழியும் நாள்.

கைப்பிடிக் கம்பி வெல்டிங். நாற்பத்தெட்டு மணி.
ஒரே ஆள், ரொசமெல் ஓயார்சோ.
ஆறு நாள், பின்னால் நான்கு நாள் தளர்வு.
புதன் மாலை தொப்பியைக் கையில் சுருட்டியபடி வந்தார்.
சிலோயே தீவில் அண்ணன் இறந்துவிட்டாராம்.
மூன்று நாள் போதும் என்றார்.

போட்டுப் பார்த்தேன்.
பட்டை மூன்று கட்டம் நகர்ந்தது.
முடிவுத் தேதி அசையவே இல்லை.
ஓர் அண்ணன்
தளர்வுக்குள் அடங்கிவிட்டார்.

எனக்கு அது பிடிக்கவில்லை.
"உங்கள் தீவில் ஒன்பது இரவு ஜெபம் உண்டே?"
தரையைப் பார்த்தார். "உண்டு."

ஒன்பது இரவு.
இரு மடங்கு பேர் வந்து மண்டியிட்டாலும்
நாலரை ஆகாது.
போக ஒன்று, வர ஒன்று. பதினொன்று.
அதில் வேலை நாள் ஏழு. தளர்வு போக மூன்று.
வியாழன் செவ்வாய் ஆகும்.

குசனோவிச் போனில் கத்தினார்:
இன்னொருவனைப் போடு, சுருங்கிவிடும்.
சுருங்கும்தான். அது எனக்கும் தெரியும்.
காற்றுக்கென்று எட்டு நாள் ஒதுக்கினோம், சார்,
காற்று வந்து கேட்கவா செய்தது?

அவர் வைத்துவிட்டார். சரி என்றும் சொல்லவில்லை.

புதிய வரி சேர்த்தேன். பதினொன்று, கழியும் நாள்.
கடைசிப் பட்டை சிவந்தது. சிவக்கட்டும்.
பெயர்க் கட்டத்தில் மட்டும்
சுட்டி துடித்துக்கொண்டே இருந்தது.

வண்டி நிறுத்தம்வரை ஓடினேன்.
காற்றில் முதல் தடவை கேட்கவில்லை.
திரும்பி நின்று, கையைக் குவித்து,
இன்னொரு முறை சொன்னார்:
நொல்பெர்த்தோ.