இரண்டு விரல்

டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே
என் வண்டியில் நாலு விரல் இடைவெளி.
அழகு இரண்டு விரலில் இருக்கிறதென்று
யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.
கிண்டி சிக்னலில் ஒருநாள்
சாம்பல் நிற வண்டி ஒன்று பக்கத்தில் வந்து
தரையோடு ரகசியம் பேசுவதுபோல் நின்றது.
அன்றிலிருந்து என்னுடையது
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
வெள்ளத்தில் நடக்கிற ஆள் மாதிரி தெரிகிறது.

புதுப்பேட்டையில் கௌஸ்
வேறொரு வண்டிக்கு அடியில் படுத்தபடியே கேட்டான்:
"எவ்ளோ எறக்கணும்?"
"நாப்பது மில்லி."
"ஷோவா, டெய்லி ஓட்றதா?"
"டெய்லி. கொளத்தூர்லேர்ந்து சோழிங்கநல்லூர்."
கொஞ்ச நேரம் ஸ்பானர் சத்தம் மட்டும்.
"எத்தினி பேர்?"
"என்னோட நாலு."
"அப்போ ஒண்ணு வண்டிய எறக்கு,
இல்ல ஆள எறக்கு."

வெளியே வந்து, கையைவிடக் கறுத்த துணியில்
கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.
ஸ்பிரிங் வாங்கின அடியைத் திருப்பிக் கொடுத்துவிடும்.
முழுங்குவது ஷாக்குதான்.
முழுங்கும், சூடாகும், வெளியே காட்டாது.
குள்ள ஸ்பிரிங்கைப் பழைய ஷாக்கில் மாட்டினால்
அது எந்நேரமும் குனிந்தே வேலை பார்க்கும்,
ஆறு மாதத்தில் எண்ணெய் கக்கும்.
போட்டா ரெண்டையும் சேர்த்துப் போடு.
நாலு சக்கரத்துக்கும் அறுபத்திரண்டாயிரம்.

ஞாயிறு விடியற்காலை நாலரை மணிக்கு
மகளின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்துக்கொண்டு
வேகத்தடைகளை அளக்கப் போனேன்.
ரெட்டேரி பக்கம் எட்டு சென்டிமீட்டர்.
எங்கள் தெருமுனையில் பதிமூன்று:
வீடு கட்டி மிஞ்சிய சிமெண்டில்
யாரையும் கேட்காமல் யாரோ போட்டது.
மெட்ரோ பள்ளத்தை மூடிய இரும்புத்தகடு
லாரி ஏறினால் ஓர் உயரம், ஏறாவிட்டால் ஓர் உயரம்.
பாடியில் ரோந்துக் காவலர் பைக்கை நிறுத்தி
"இன்னா சார் தேடறீங்க?" என்றார்.
"உயரம்" என்றேன்.
வாயை ஊதச் சொன்னார்.

என் வண்டியின் வயிறு
தரையிலிருந்து பதினேழு சென்டிமீட்டர்.
நாற்பது மில்லி போனால் பதிமூன்று.
அதற்குமேல் நாங்கள்.
பென்சிகர் அறுபத்தெட்டு கிலோ, லேப்டாப் தனி.
ராஜமோகன் ஜிம்முக்குப் போய்
மாதம் ஒரு கிலோ ஏற்றுகிறான்.
திலகவதி மேடத்திடம் எப்படிக் கேட்பது?
ஒன்றாம் தேதியானால் பெட்ரோல் காசைக் கவரில் போட்டு
ஒரு ரூபாய் சேர்த்துத் தருகிறவர்.
எப்படிக் கூட்டினாலும் கணக்கு
அசோக் நகரில், அவர் ஏறுகிற
மருந்துக்கடை வாசலில் போய் நின்றது.

ஷாக்கை மட்டும் வாங்கினேன்.
மஞ்சள் நிறம். கேஸ் நிரப்பியது.
திருகினால் டிக் டிக்கென்று இறுகும், தளரும்.
ஸ்பிரிங் கம்பெனியில் வந்ததே இருக்கட்டும் என்றபோது
கௌஸ் நல்லதென்றும் சொல்லவில்லை, கெட்டதென்றும் சொல்லவில்லை.
"பில்லு வோணுமா?" என்றான்.

நாலு விரல் நாலு விரலாகவே இருந்தது.
வேளச்சேரி மேம்பாலத்தின் இணைப்புகளில் மட்டும்
முன்பு இரண்டு தரம் ஆடிய வண்டி
இப்போது ஒரு தரம் தலையசைத்து அடங்கியது.
பின்சீட்டில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.
மஞ்சள் தெரிய வேண்டுமானால்
சக்கரத்துக்குள் குனிந்து பார்க்க வேண்டும்.
நான் தினமும் குனிந்து பார்த்தேன்.

மழை விட்ட ஒரு புதன்கிழமை
துரைப்பாக்கம் பங்க்கில் காற்று பிடிக்க இறங்கினேன்.
குழாயை எடுத்துக்கொண்டு திரும்பினால்
மூன்று பேரையும் வைத்துக்கொண்டு
என் வண்டி நின்றுகொண்டிருக்கிறது.
நின்ற விதம் எங்கேயோ பார்த்ததாக இருந்தது.
பின்சக்கரத்தின் மேல் விரல் வைத்தேன்.
இரண்டு.
எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன்.
இத்தனை வருடமும் உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு
இது எப்படித் தெரிந்திருக்கும்?

டீ குடிக்கலாமென்று ராஜமோகன் கதவைத் திறந்தான்.
"எறங்காதீங்க" என்றேன்,
"ஒரு நிமிஷம், யாரும் எறங்காதீங்க."
திலகவதி மேடம் கண்ணாடியை இறக்கி
"பஞ்சரா?" என்றார்.