என் பக்கத்து பிரேக்

இரண்டாயிரத்து ஒன்பது, பிப்ரவரி.
ரேசெக்னே நகரில்
பனி மட்டும்தான் தாராளமாகக் கொட்டுகிறது.

என் கம்பெனியில் மொத்தம் ஒரே ஆள்.
முதலாளி ஸ்கைட்ரிதே,
கணக்குப்பிள்ளை ஸ்கைட்ரிதே,
கார் கழுவுகிறவளும் அவளே.
போன மாதம் முதலாளி சம்பளத்தைப் பாதியாக்கினாள்.
கணக்குப்பிள்ளை தலையாட்டினாள்.
கார் கழுவுகிறவள் மட்டும்
இரண்டு நாள் முதலாளியோடு பேசவில்லை.

சொத்து என்று சொன்னால்
பன்னிரண்டு வயது கோல்ஃப் கார் ஒன்று,
அதன் கூரையில் முக்கோணப் பலகை,
வலது இருக்கைக்குக் கீழே
எனக்கென்று இன்னொரு பிரேக்.
பதினான்கு வருடமாக இதுதான் பிழைப்பு:
ஸ்டியரிங் இல்லாத பக்கம் உட்கார்ந்து
அடுத்தவர் பயத்தை
அரை நொடி முன்னால் மிதிப்பது.

வங்கியில் தவணையைத் தள்ளிவைக்கக் கேட்டேன்.
முடியாது என்றாள் அந்தப் பெண், எல்லோருக்கும் கேட்கும்படி.
பிறகு கண்ணாடிக்கு அருகே குனிந்து,
என் மகளுக்குக் கற்றுத் தருவீர்களா,
பணம் மே மாதம் தருகிறேன், என்றாள்.

முன்பு ஒரு நாளைக்கு எட்டுப் பேர் வருவார்கள்.
இப்போது இரண்டு. சில நாள் ஒன்று.
லைசென்ஸ் எதற்கு என்று கேட்பது என் வழக்கம்.
முன்பெல்லாம் கல்யாணம் என்பார்கள், ஏரிக்கரை வீடு என்பார்கள்.
இப்போது அயர்லாந்து.
அயர்லாந்து.
நார்வே, கிடைத்தால்.
ஊர் காலியாகிற வேகத்தில்தான்
என் அடுப்பு எரிகிறது.
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

டொனாட்ஸ் வந்தான். நாற்பத்தாறு வயது.
ஜன்னல் சட்டம் செய்யும் ஆலையில்
போன வாரம் வரை மேஸ்திரி.
கட்டணத்தில் பாதி லாட்டாக,
மீதி பிர்ச் விறகாக.
காளான் பண்ணையில் வேலை, வேன் ஓட்டத் தெரிய வேண்டுமாம்.
"அங்கே இடது பக்கம் ஓட்டுவார்களாமே?"
நான் இடது பக்கம் ஓட்டியதே இல்லை.
ஆனால் இல்லை என்ற சொல்லுக்கு
இந்த வருடம் என்னால் வாடகை கட்ட முடியாது.

மூடிப்போன சோபாக் கடையின் கார் நிறுத்துமிடம்
கால்பந்து மைதானம் போலக் கிடந்தது.
துடைப்பத்தால் பனியில் ஒரு சாலை கீறினேன்,
நடுவில் ஒரு ரவுண்டானா.
அந்த நாட்டில் ஓட்டுநர் உட்காருவது
என் இடத்தில்தானே?
அவனை அங்கே உட்கார வைத்தேன்.
அவன் கையில் பிடிக்க எதுவும் இல்லை.
தொப்பியைக் கழற்றி இரு கையாலும் பிடித்துக்கொண்டான்.
நான் உண்மையான ஸ்டியரிங்கைத் திருப்ப,
அவன் தொப்பியைத் திருப்பினான்,
நெற்றியில் வியர்வையோடு,
இண்டிகேட்டர் சத்தத்தை வாயாலேயே போட்டபடி.
சிரிக்கக் கூடாதென்று உதட்டைக் கடித்தேன்.
நாலாவது சுற்றில் அவனே சிரித்துவிட்டான்.
அப்போது வண்டி சறுக்கியது.
என் கால் பதறும் முன்பே
என் பிரேக்கை அவன் மிதித்திருந்தான்.

ஏப்ரலில் போனான்.
விறகு இன்னும் மூன்று அடுக்கு இருக்கிறது.
மே முதல் வாரம் ஒரு குறுஞ்செய்தி:
"ரவுண்டானாவில் மூன்று முறை சுற்றினேன்.
வெளியே வரத் தெரியவில்லை.
நீங்கள் மிதிப்பீர்கள் என்று காத்திருந்தேன்."
பதில் அனுப்ப
வெளிநாட்டுக் கட்டணம் பார்த்தேன். அனுப்பினேன்.
கணக்குப்பிள்ளை அதை எந்தத் தலைப்பிலும் எழுதவில்லை.

திங்கள், ஒன்பது மணி.
வங்கிக்காரியின் மகள்.
கவரில் பணம், முழுசாக, சில்லறையும் சேர்த்து.
எந்த நாடு என்று கேட்டேன்.
"எந்த நாடும் இல்லை. இங்கேதான்" என்றாள்.
என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.
பெல்ட் போடு என்றேன்.

முதல் சிக்னலில் எஞ்சின் நின்றது.
பின்னால் லாரிக்காரன் ஹார்ன் அடித்தான்.
மறுபடி நின்றது.
பெட்ரோல் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.
என் காலைப் பின்னுக்கு இழுத்து
இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.