நீர் எப்பிடி?

செவ்வாய், வியாழன், சனி.
போய்வர நாலு மணித்தியாலம்.
"வேறை ஆர் பிள்ளை போயிருக்கினம் இவ்வளவு கிரகத்துக்கு?"
என்பார் யோகரத்தினம்,
குழாய் பூட்டிய கையை அசைக்காமல்.
பன்னிரண்டாம் கதிரை அவருக்கு. பக்கத்தது எனக்கு.
கண்ணாடிக்கு வெளியே ஸ்காபரோவின் பெப்ரவரி.
நடைபாதை முழுக்க உப்பு.
"றோட்டுக்கு லொறி லொறியாய்க் கொட்டுகினம்,
எனக்கொரு சிட்டிகை இல்லை."

முதல் நாள் கேட்டார்:
"நீர் எப்பிடி?"
"பரவாயில்லை அண்ணை."
"உம்மைக் கேக்கேல்லை, நீரைக் கேட்டனான்.
எனக்கு நிண்டு நாலு மாசம்."
சிரித்துவிட்டேன். கை ஆடிற்று. மெஷின் கத்தியது.
மரிசெல் ஓடிவந்து இருவரையும் ஏசினாள்,
பிறகு என்ன பகிடி என்று கேட்டாள்.
ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தோம்.
நடுவழியில் அது செத்துப்போனது.
செத்ததைப் பார்த்துத்தான் அவள் சிரித்தாள்.
அன்றிலிருந்து அந்த ஒரு சொல்
அவளுக்குத் தெரிந்த தமிழ்.

எல்லாம் நல்லவை இல்லை.
"வாழவேணுமெண்டால் வாழை வேண்டாமாம்."
இதை ஒரே நாளில் மூன்று தரம் சொன்னார்.
"மார்க்கம் றோட்டிலை இருந்தும் ஒரு மார்க்கமும் இல்லை."
இதை மனைவிக்குப் போன் எடுத்தும் சொன்னார்.
எதிர்க்கதிரைச் சோமாலியர்
எங்கள் முகங்களைப் பார்த்தே
சரியான இடத்தில் சிரிக்கப் பழகியிருந்தார்.
நான் சில நாள் கண்ணை மூடிக்கொள்வேன்.
"நித்திரையோ?"
"ஓம்."
"அப்ப இதைக் கேளும்."

பிறகொரு வியாழன்
பன்னிரண்டில் புது விரிப்பு மட்டும்.
வெறுங்கதிரை பற்றி இங்கே யாரும் கேட்பதில்லை.
ஊசி ஏற்றும்போது மரிசெல் என் கண்ணைப் பார்க்கவில்லை,
அல்லது நான் பார்க்கவில்லை.
நீர் இல்லை, என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.
சொல் இரண்டு பக்கமும் திறந்தது.
ஒரு பக்கத்திலும் சிரிப்பில்லை.

சனி இரவு போன்.
பஞ்சடைத்த குரல்.
"பிள்ளை, நீர் வந்திட்டுது!"
"நான் எங்கையும் வரேல்லையே அண்ணை,
வீட்டிலைதானே நிக்கிறன்" என்றேன்.
மறுமுனையில் ஒரு விக்கல், ஒரு முனகல்,
பிறகு நெடுநேரம்
தையல் நோக நோக ஒரு மனிதர் சிரிப்பது கேட்டது.
யாரென்று தெரியாத ஒருவர் விட்டுப்போன சிறுநீரகம்
அவருக்குள் வேலை தொடங்கியிருந்தது.
"சிரிப்புக் காட்டாதையும்" என்றார். "பிரிஞ்சிடும்."

செவ்வாய்.
பன்னிரண்டில் ஓர் இளைஞன்.
பலகையில் முனிசாமி என்று பெயர்.
தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன்:
"நீர் எப்பிடி?"
கயானாக்காரனாம், தமிழ் தாத்தாவோடு போய்விட்டதாம்.
ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுத் தோளைக் குலுக்கினான்.
மெஷின் கத்தியது.
ஓடிவந்த மரிசெல் அவனைப் பார்த்தாள், எண்ணைப் பார்த்தாள்,
இடுப்பில் கைவைத்து என் பக்கம் திரும்பினாள்:
"நீர்?"