வந்து

ஞாயிறு மாலை ஐந்தரைக்கு
பாம்பன் சின்னப்பாலம் ஐஸ் கம்பெனி மாடியில்
எங்கள் பேச்சு மன்றம் கூடும்.
பதினொரு பெண்கள், இரண்டு ஆண்கள்.
மைக் கிடையாது.
கீழே கட்டி உடைக்கும் எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்,
அதற்கு மேல் குரல் எழும்ப வேண்டும்.
பாலத்தில் ரயில் போனால் மட்டும்
சோபியா மேரி கடிகாரத்தை நிறுத்துவாள்.
ரயில் நேரம் கணக்கில் சேராது.

என் வேலை எளிது.
யாராவது "வந்து" என்று இழுத்தால்
பால்டின்னில் ஒரு சோழி போடுவேன்.
"எம் பேரு வந்து..."
டங்.
"நான் வந்து..."
டங்.
பகலில் இதே கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன்.
எண்ணச் சொன்னால் போதும் எனக்கு.
டின்னைப் பிடித்திருப்பவனை
எழுந்து பேசு என்று யாரும் சொல்வதில்லை.
பதினான்கு மாதமாக இதைக் கண்டுபிடித்தவர்
எவருமில்லை.

நம்புலட்சுமி வந்த அன்று
ஒரே நிமிடத்தில் பத்தொன்பது சோழி.
பாசி எடுக்கிறவள்.
விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி கட்டி,
பாறைக்குக் கீழே போனால்
படகிலிருப்பவர்கள் எழுபதுவரை எண்ணுவார்களாம்,
பிறகு பயத்தில் எண்ண மாட்டார்களாம்.
அவளுக்குத்தான்
நான்கடி மேடையில், காற்றுக்கு நடுவே,
மூச்சு முட்டியது.
"குரல்ல மூணாம் நம்பர் கூண்டு ஏத்தியாச்சு"
என்றார் இன்னாசி. மதிப்பீடு அவர் பொறுப்பு.

மறுவாரம் பதினான்கு.
அதற்கடுத்து மகளைக் கூட்டி வந்தாள், பதினெட்டு.
பிறகு ஆறு.
படகில் பாசி மூட்டைகளுக்கு முன்னால்
நின்று பேசிப் பார்க்கிறாளாம்.
மூட்டை கொட்டாவி விடுவதில்லை, அது ஒரு வசதி.
தலைமை அவளுக்கு வந்த வாரம்
நன்றியுரையை முதலிலேயே அழைத்துவிட்டாள்.
இன்னாசி செருப்பை மாட்டிக்கொண்டு
படியிறங்கிப் போய்விட்டார்.
அவளே ஓடிப்போய்க் கூட்டி வந்தாள்,
"கூட்டம் இனிமேத்தான் ஆரம்பிக்குது, ஏறுங்க."
அந்த ஒரு வரியில் சோழி விழவில்லை.
யாரும் கவனிக்கவில்லை. நான் எண்ணுகிறவன்.

மாசியில் ஒரு திங்கட்கிழமை
ராமநாதபுரத்தில் குறைதீர்க்கும் கூட்டம்.
கரையேறும் பெண்களுக்கு
ஈரத்துணி மாற்ற ஓர் அறை வேண்டும்,
கதவோடு.
மனு அவ்வளவுதான்.
எழுதியது நான், பேச வேண்டியது அவள்.
ஏழு பேர் வரிசையில் நின்றோம்.
எங்கள் முறை வந்தபோது
அதிகாரி அடுத்த தாளைப் புரட்டியபடி
"என்னம்மா?" என்றார்.

"ஐயா, நாங்க வந்து..."

என் விரல் சட்டைப் பையில் துழாவியது.
சோழி ஒன்று இருந்தது அங்கே, பழக்கத்தில்.
மின்விசிறி சுற்றியது.
அவள் எதுவும் சொல்லவில்லை.
தோள் மெல்ல ஏறி இறங்கியது,
மூழ்குமுன் ஏறுமே, அப்படி.

"...வந்து நாலு மணி நேரமாச்சு.
உக்காரச் சொல்லுங்க. சொல்றேன்."

பள்ளியில் படித்தேன்,
வந்து என்பது எச்சம்,
அதற்கு ஒரு முற்று வேண்டும் என்று.
இத்தனை நாள் டின்னில் விழுந்ததெல்லாம்
பாதியில் நின்ற வாக்கியங்கள்.

நாற்காலி மூன்றுதான் கிடைத்தது.
மாற்றி மாற்றி உட்கார்ந்தோம்.
கதவின் தாழ்ப்பாள் எந்தப் பக்கம்
என்பதுவரை அவள் சொன்னாள்.
பரிசீலிக்கிறோம் என்றார்கள்.
அறை இன்னும் வரவில்லை.
அடுத்த திங்களுக்கும் பஸ் காசு
எடுத்து வைத்திருக்கிறோம்.

இடையில் ஒரு ஞாயிறு.
நம்புலட்சுமி என் மடியிலிருந்த டின்னை எடுத்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை,
மேடையைப் பார்த்தாள், அவ்வளவுதான்.
நின்றேன்.
சோபியா பச்சைத் துணியை உயர்த்தினாள்.
அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.
கீழே எந்திரம் நின்றது.
ஒளிந்துகொள்ள ஒரு சத்தம் இல்லை,
ரயிலும் இல்லை.

"வணக்கம். நான் வந்து..."

டங்.

அவள் கை நிறையச் சோழி வைத்திருந்தாள்.