சுற்றுவழி

ஞாயிறு ஐந்தரைக்கு
சூலூர் தாண்டியதும் நான்குவழிச் சாலையைக் கைவிட்டேன்.
நேராகப் போக எதற்கு
முந்நூறு குதிரை?

கடன் இன்னும் நாற்பத்தொரு மாதம்.
தரைக்கும் வண்டிக்கும் நாலு விரல்.
ஊருக்கு ஊர் வேகத்தடையில்
அடிவயிறு உரசும்போதெல்லாம்
கனகவல்லி பல்லைக் கடிக்கிறாள்.

வரைபடத்தில் மயிரிழையாய்த் தெரிந்தது
இங்கே பி.ஏ.பி. வாய்க்காலோடு சேர்ந்து வளைகிறது.
தண்ணீர் திரும்பும் இடத்தில்
மூன்றாம் கியர்.
கிளுவை வேலி, காற்றாலை, கிளுவை வேலி,
அதே காற்றாலை இப்போது இடப்பக்கம்.

குண்டடத்துக்குத் தெற்கே
ஒரு வளைவு அவிழ்ந்ததும்
சாலை முழுக்கச் செம்மறி.
இன்ஜினை அணைத்தேன்.
ஓட்டிவந்தவர் குனிந்து, இன்னும் குனிந்து,
கண்ணாடிக்குள் பார்த்தார்.
"ஏனுங்க, தடம் மாறிட்டீங்களா?"
"இல்லீங்க. வளைவா ஒரு ரோடு தேடறோம்."
அவர் சிரிக்கவில்லை. யோசித்தார்.
"பள்ளத்துப் பாலம் தாண்டி சோத்தாங்கைப் பக்கம் போங்க.
பால்வண்டிக்காரன் தெனமும் வஞ்சுக்கிட்டே போற ரோடு."

கனகவல்லி குறித்துக்கொண்டாள்.
மந்தை கடந்துவிட்டது.
ஒரு குட்டி மட்டும்
வண்டியின் சூட்டில் சாய்ந்து நின்றது.
அது கிளம்பட்டும் என்று
இருந்தோம்.