எழுபத்தொன்று

மதிப்பிடச் சொல்லி வந்திருந்தது
பெயர் மறைத்த ஒரு கட்டுரை.
தார்த்துவில் மார்ச் மாதம்;
ஆற்றில் பனி பாளம் பாளமாய் உடைகிற சத்தம்
ஆய்வுக்கூடத்துச் சன்னல் வரை.
நாலாம் அட்டவணைக்குக் கீழே இரண்டு வாக்கியங்கள்
என்னுடையவை.
அரைப்புள்ளி உட்பட என்னுடையவை.
என் பெயர் எங்கும் இல்லை.

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம்
கோபத்தைவிட ஒரு படி முன்னால் ஓடியது.
சான்று வேண்டும், மூலத்தரவு வேண்டும் என்று
நிலவறைக்கு இறங்கினேன்.

கூர்மா சதுப்பு. ஆழம் இருநூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர்.
ஸ்ப்ரூஸ் மகரந்தம் எழுபத்தொன்று.
என் ஆய்வேட்டின் எண்பத்தெட்டாம் பக்கத்தில்
அந்த எண்தான் நடுக்கம்பம்.
பேராசிரியர் ஆர்வோ லெபிக், 1986 என்று
அடைப்புக்குறிக்குள் அவரை உட்காரவைத்து
அடுத்த வாக்கியத்துக்குப் போயிருந்தேன்.

மரப்பெட்டிக்குள் ஈரம் குடித்த நோட்டு.
எண்ணியவர் ஹெல்வே மாகி, 1979 முதல் 83 வரை.
ஐந்தைந்தாய்க் கட்டிய கோடுகள்,
நான்கு நிமிர்ந்து நிற்க
ஒன்று குறுக்கே படுத்து.
மூன்று கட்டு. இரண்டு உதிரி.
பதினேழு.

தட்டச்சுப் பிரதியில் இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன.
ஓரத்தில் பென்சிலால் அவரே:
'பிழை. 17. பேராசிரியரிடம் சொல்ல வேண்டும்.
லெனின்கிராடிலிருந்து வரட்டும்.'
அடுத்த பக்கம் வெறுமை.

புத்தகம் வந்தபோது
அட்டவணைகள் அப்படியே இருந்தன,
எண்ணிய கண்களின் பெயர் மட்டும் இல்லை.
எடுத்துப் போனவர்
வீட்டுக்காரியின் விக்கலையும் சேர்த்தே
தூக்கிப் போயிருக்கிறார்.

எந்தக் காற்றும் கொண்டுவராத
ஐம்பத்து நான்கு மணிகள்.
அவற்றிலிருந்து ஒரு காடு முளைத்தது.
குளிர்ந்த நூற்றாண்டொன்று அதன்மேல் கவிந்தது.
ஹெல்சிங்கியில் இருவர், உப்சாலாவில் ஒருவர்
அதற்குள் நடந்துபோய்ப் பட்டத்தோடு வெளியே வந்தார்கள்.
நானும் அங்கே விறகு பொறுக்கியவள்.

ஹெல்வே வில்யாந்தியில் இருப்பதாகச் சொன்னார்கள்,
நீச்சல்குளத்தில் சீட்டுக் கிழித்து ஓய்வுபெற்று.
மூன்று பத்தி மன்னிப்பும்
மேற்கோள் நெறி பற்றி ஒரு பத்தியும் எழுதினேன்.
அஞ்சலட்டையில் பதில் வந்தது:

'பதினேழுதான். முதலில் அதைத் திருத்துங்கள்.
எண்பத்தொன்றின் கோடையில் பாதியை எண்ணியது நானல்ல, ஸோயா.
நார்வாக்காரி. இடது கண்ணால்தான் பார்ப்பாள்.
நோட்டில் அவள் பெயரை எழுத
எனக்குத் தோன்றவில்லை.
குடும்பப்பெயர் மறந்துவிட்டது.
கண்டுபிடியுங்கள்.'

மீண்டும் நோட்டைத் திறந்தேன்.
ஜூலை பிறந்ததும்
குறுக்குக் கோடுகள் மறுபக்கம் சாய்கின்றன.
முதல் தடவை பார்த்தபோது
கண்ணில் படவே இல்லை.

பத்திரிகைக்குத் திருத்தப் படிவம் நிரப்புகிறேன்.
ஆதாரத்தின் வகை: நூல், கட்டுரை, அறிக்கை, பிற.
பிற.
எண்ணியவர்கள்: ஹெல்வே மாகி.
அடுத்த கட்டத்தில் ஸோயா என்று அடித்தால்
குடும்பப்பெயர் கட்டாயம் என்று
சிவந்து நிற்கிறது திரை.

நார்வா நகராட்சிக்கு ஒரு கடிதம்,
பழைய சம்பளப் பட்டியல் கேட்டு
பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவுக்கு இன்னொன்று.
மதிப்புரைக்கு நாளையோடு கெடு.
அந்த இரண்டு வாக்கியங்களைப் பற்றி
இன்னும் ஒன்றும் எழுதவில்லை.